மார்தா விண்டலின் திதி

கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல்
22 ஜனவரி 2024

அன்புள்ள தங்கச்சி நல்லம்மாவுக்கு,

இங்கே குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபத்தாறு. இடது முழங்கால் முறைப்பாடு செய்கிறது, வலது இன்னும் பொறுமையாக இருக்கிறது. மற்றப்படி குறையில்லை. உன் சர்க்கரையின் அளவை எண்ணாகவே எழுது. ‘பரவாயில்லை’ என்று எழுதாதே.

இம்முறை நான் அனுப்புவது இங்கே யாரோ இறந்த முப்பத்தோராம் நாளுக்கான கல்வெட்டு அல்ல. ஆனால் முப்பது வருடமாக நான் இங்கிருந்து இறந்தவர்களின் வாழ்க்கையை எழுதி, நீ கொக்குவிலில் உன் அச்சகத்தில் நினைவு மலராக அச்சடித்து அனுப்பிப் பழகியதில், வேறு விதமாக ஒரு வாழ்க்கையை எழுத எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இவர் ஓர் அமெரிக்கக் கவிஞர், மார்தா விண்டல். இந்த நகரத்தில் வாழ்ந்தவர். நூலகத்தில் நான் பட்டியல் வேலை பார்த்த காலத்தில் அவருடைய மூன்று நூல்களும் என் கையால்தான் பட்டியல் அட்டையில் ஏறின. ஒரு சிறு நூல் எழுத நினைக்கிறேன். எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. அமைப்பு இது:

1. பிறப்பு. 1938, மெய்ன் மாநிலம். தகப்பன் ஆற்றுத் தூக்குப்பாலத்தின் காவலர்.
2. கல்வி. கன்னியாஸ்திரிகளின் பள்ளி, லத்தீன்.
3. 1968 ஜனவரியில் ரயிலில் மொன்றியல் வந்து இறங்கியது.
4. மூன்று நூல்கள்.
5. மௌனம். 1981க்குப் பிறகு அவர் ஒரு வரியும் எழுதவில்லை.
6. மறைவு, 1994.

முதல் இரண்டு பகுதிகள் இத்துடன் வருகின்றன. வழக்கம்போல் அச்சுக்கோத்து, தாளில் அனுப்பு. திரையில் எனக்குப் பிழை தெரிவதில்லை. தொலைபேசியில் வார்த்தையும் வருவதில்லை.

உன் அண்ணை,
மகேந்திரராசா


கொக்குவில்
12 பெப்ரவரி 2024

அன்புள்ள அண்ணைக்கு,

சர்க்கரை 148. எண்ணாகவே எழுதிவிட்டேன். முழங்காலுக்கு மகள் வினோஜாவிடம் சித்தாலேபத் தைலம் கொடுத்து விட்டிருந்தேனே, பூசினீர்களா? அவள் அதே கோட்-டெ-நெய்ஜில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள், நீங்கள் ஒரு நாளும் எட்டிப் பார்ப்பதில்லை என்று குறை சொல்கிறாள்.

வெள்ளைக்காரிக்கும் கல்வெட்டு என்று அச்சகத்துக்கு வந்தவர்களிடம் சொன்னேன். ‘அந்த மனுசிக்குத் தேவாரமும் போடுவியளோ?’ என்று கேட்டுச் சிரித்தார்கள். முதலாம் பகுதியை எட்டாம் திகதி வியாழக்கிழமை முடித்தேன். அந்தத் தூக்குப்பாலமும் மணியும் நன்றாக வந்திருக்கின்றன. சாப்பாட்டு வாளியோடு பிள்ளை இக்கரையில் நிற்கும் இடத்தில் கொஞ்ச நேரம் வேலையை நிறுத்திவிட்டு இருந்தேன்.

ஆறாம் பகுதிக்கு ஒன்று வேண்டும். நீங்கள் 1994 என்று ஆண்டு மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மாதம், பட்சம், திதி இல்லாமல் நான் எப்படித் திதி வெண்பா போடுவது? இறந்த நாளைச் சொல்லும் அந்த நாலு வரி இல்லாமல் இந்த அச்சகத்திலிருந்து ஒருவருடைய வாழ்க்கையும் வெளியே போனதில்லை. நாளைத் தேடி அனுப்புங்கள். திதியை நான் பஞ்சாங்கத்தில் பார்க்கிறேன்.

தங்கச்சி,
நல்லம்மா


மொன்றியல்
10 மார்ச் 2024

அன்புள்ள தங்கச்சி,

148 பெரிய மோசமில்லை, ஆனாலும் மாலையில் நட. நானும் நடக்கிறேன். நேற்று வினோஜா வேலை செய்யும் இல்லம் வரை நடந்தேன். மத்தியான இடைவேளையில் கன்டீனில் இருந்தோம். அவள் இடியப்பம் கொண்டு வந்திருந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். என் சொல்லில் எழுதினால் மாற்றிவிடுவேனோ என்று பயம்.

“மாமா, என்ர தளத்தில ஒரு இங்கிலீஷ் மனுசி. எந்த நேரமும் பாலம், பாலம் எண்டு ஒரே கதை. அப்பா மணி அடிப்பாராம், பாலம் எழும்புமாம், இவ சாப்பாட்டு வாளியோட இஞ்சால நிப்பாவாம். கேட்டுக் கேட்டு எனக்கே அந்த ஆறு கனவில வருது.”

“இப்பவும் சொல்லுறாவோ?”

“அதுதான் விசயம். போன மாசம் எட்டாம் திகதி நான் பகிடிக்கு, ‘பாலம் எழும்பிட்டுதோ?’ எண்டு கேட்டன். ‘எந்தப் பாலம்?’ எண்டா. முகத்தைப் பாத்தா நடிப்பில்லை மாமா. வழிச்செடுத்த மாதிரிப் போயிட்டுது. திகதியோட நோட்ஸில எழுதி வச்சிருக்கிறன்.”

வயதானவர்களுக்கு இப்படி நடப்பது உண்டு. தூக்குப்பாலங்களும் உலகத்தில் பல உண்டு. நான் அந்தப் பெண்மணியின் பெயரைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இடியப்பம் முடிந்துவிட்டது, அவளும் எழுந்துவிட்டாள்.

மூன்றாம் பகுதி இத்துடன். இறந்த நாளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணை


கொக்குவில்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

மாலையில் நடக்கிறேன். வெயில் ஆளை உருக்குகிறது, அதற்கு மேல் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இரண்டாம் பகுதியை மார்ச் 19 அன்று கோத்தேன். ஞாயிற்றுக்கிழமை வினோஜா போனில் சொன்னாள், அந்த மனுசி காலையில் தலை சீவும்போது சொல்லும் லத்தீன் செபமும் நின்றுவிட்டதாம். எந்தத் திகதியிலிருந்து என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். சாப்பாட்டுத் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால், பெயருக்குப் பின்னால் இரண்டு ஆண்டுகளும் போடுகிறாவாம், எங்கள் மலர் அட்டையில் போடுகிற மாதிரி. “விசர்க் கதையில்லை அம்மா, வடிவா, அளவா, நடுவில ஒரு கோடும் போட்டு எழுதுறா” என்றாள். பெயரையும் சொன்னாள். நான் இங்கே அதை எழுதவில்லை. நீங்களே போய் அந்தத் தாளைப் பாருங்கள்.

திதிக்கு நாள் இன்னும் வரவில்லை.

நல்லம்மா


மொன்றியல்
26 ஏப்ரல் 2024

அன்புள்ள தங்கச்சி,

போனேன். மூன்று நாள் தள்ளிப்போட்டுத்தான் போனேன். நாலாம் தளம், ஜன்னலோரக் கட்டில். மெலிந்த, நெடிய பெண்மணி. வினோஜா மதியச் சாப்பாட்டுத் தாளை நீட்டினாள். கோழி சூப் என்ற இடத்தில் அடையாளம் போட்டு, கீழே எழுதினார்: மார்தா விண்டல், 1938–1994.

அந்தக் கோடு எனக்குத் தெரியும், நல்லம்மா. பட்டியல் அட்டையில் ஆசிரியர் பெயருக்குப் பின் பிறந்த ஆண்டும் ஒரு சிறு கோடும் போட்டு, அப்புறம் வெறுமையாக விட்டிருப்போம். இறந்த செய்தி வந்ததும் அந்த வெறுமையை நிரப்புவோம். அதை ‘மூடுதல்’ என்போம். அவருடைய அட்டையை மூடியது நான்.

நீ கேட்ட திதிக்காகப் பழைய பத்திரிகைகளைத் தேடியபோதுதான் பிழை தெரிந்தது. 1994 நவம்பரில் ஒரு மார்தா விண்டல் வெர்மொண்ட்டில் இறந்திருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை, தேவாலயப் பாடல்கள் எழுதியவர். வேறு ஆள். நான் அறிவித்தலின் முதல் இரண்டு வரியை மட்டும் பார்த்து மூடியிருக்கிறேன். மற்ற நூலகங்கள் என் அட்டையைப் பார்த்து மூடின. தொகுப்பாளர்கள் அவற்றைப் பார்த்து எழுதினார்கள். பதிப்பகமும் அப்படியே நம்பியது. முப்பது வருடமாக அவர் எல்லா இடத்திலும் இறந்தவர்.

அவரிடம், “சூப் ஆறிவிடும்” என்றேன். “எனக்கு அவசரமில்லை” என்றார்.

மூன்றாம் பகுதியைக் கோக்காதே. பாலம் போனது, லத்தீன் போனது. லத்தீன் நின்ற திகதி மார்ச் 19. வினோஜாவின் குறிப்பில் பார்த்தேன். உனக்கு இதற்கு மேல் விளக்க எனக்குத் துணிவில்லை.

அண்ணை


மொன்றியல்
9 ஜூன் 2024

அன்புள்ள தங்கச்சி,

ஆறு வாரமாக உன் கடிதம் இல்லை. சுகமில்லையோ என்று வினோஜாவிடம் விசாரித்தேன். “அம்மா நல்லாத்தான் இருக்கிறா, உங்களோட கோபம்போல” என்றாள். பிறகு, “மாமா, அவ இப்ப காலமை எழும்பி, தான் எந்த ஊரில இருக்கிறன் எண்டு கேக்கிறா. மொன்றியல் எண்டு சொன்னா, ‘எப்படி வந்தேன்?’ எண்டு கேக்கிறா. ரயிலில வந்த கதையை எங்களுக்கு எத்தினை தரம் சொன்னவ!” என்றாள். குறிப்பில் திகதி மே 14.

என் கடிதம் அதற்கு முன் வந்து சேர்ந்ததா? ஒரு வரி எழுது. நாலாம் பகுதியை எழுதி முடித்துவிட்டேன், ஐந்தும் முக்கால்வாசி ஆயிற்று. இரண்டையும் மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கையெழுத்துப் பிரதியால் ஒன்றும் ஆகவில்லை, அச்செழுத்தால்தான் ஆகிறது என்பது இதுவரை கண்டது. என் கணிப்பில் எனக்கு நம்பிக்கையில்லை.

அண்ணை


கொக்குவில்
28 ஜூன் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

எனக்குச் சுகமில்லாமல் இல்லை.  மூன்றாம் பகுதியை மே 14 காலையில் கோத்து முடித்தேன். உங்கள் கடிதம் 18ஆம் திகதி வந்தது. அன்றிலிருந்து கணினியை மூடித் துணி போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு றோசா கலியாண அழைப்பிதழுக்கு வந்து, “என்ன அக்கா, அச்சகத்துக்குச் செத்தவீட்டுத் துடக்கோ?” என்று கேட்டாள். ஓம் என்றேன்.

யோசித்துப் பார்த்தேன். வீட்டுக்காரர் ஒருவர் புறூவ் தாளைப் பார்த்துத் திருத்தாமல் நான் எந்தக் கல்வெட்டும் அச்சேற்றியதில்லை. பிறந்த ஊர், மருமக்களின் பெயர், எல்லாம் அவர்கள் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். இதில் மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் இல்லையென்றால் அவவே இருக்கிறா. கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். அவ சொன்னபடி திருத்துங்கள்.

ஒரு கேள்வி. நூலகத்துக்குள் இருக்கும் அட்டையில் நீங்கள் எழுதிய ஆண்டு, கட்டிலில் கிடக்கும் அவவுக்கு எப்படித் தெரிந்தது? உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். அதற்குப் பதில் அதில் இல்லை.

நல்லம்மா


மொன்றியல்
22 ஜூலை 2024

அன்புள்ள தங்கச்சி,

உன் சொற்படி செய்தேன். மூன்று பிற்பகல் போய், தமிழைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். வினோஜா வேலைக்கு நடுவே வந்து வந்து போனாள்.

முதல் மூன்று பகுதிகளையும் அந்நியருடைய கதையாகக் கேட்டார். பாலத்தில் தகப்பன் மணி அடிக்கும் இடத்தில் கண் கலங்கியது. “நல்ல தகப்பன். யார் அந்தப் பிள்ளை?” என்று கேட்டார். வினோஜா, “நீங்கள்தான், மேடம்!” என்றாள். அவர் மரியாதைக்குத் தலையசைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “இவள் எல்லோரிடமும் இப்படித்தான் சொல்வாள்” என்றார்.

நாலாம் பகுதி கையெழுத்தில் இருப்பது. அதில் அவருக்கு எல்லாம் தெரிந்தது. இரண்டாம் நூலின் அட்டை பச்சை இல்லை, சாம்பல் என்று திருத்தினார்.

ஆறாம் பகுதியை நீக்கிவிடுகிறேன் என்று சொன்னேன். கையால் தடுத்தார். “அது இருக்கட்டும். அந்த ஒன்றில்தான் எல்லோருக்கும் ஒரே கருத்து” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நல்ல ஒரு நாற்காலியைக் காட்டுவதுபோலச் சொன்னார்.

ஐந்தாம் பகுதியில் முதல் வரியிலேயே நிறுத்தச் சொன்னார். “நூலக அட்டையில் என் பெயருக்குப் பின்னால் 1994 என்று கண்டேன். அந்த நூலகத்துக்கு எழுதினேன். நான் இருக்கிறேன் என்று எழுதினேன். மிக மரியாதையான பதில் வந்தது. உங்கள் கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது என்று. பெயர் இல்லை, இரண்டு எழுத்து மட்டும். பிறகு யோசித்தேன், அவ்வளவு மரியாதையானவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள்” என்றார்.

பிறகு மழை பிடித்தது. 165ஆம் பஸ் நாற்பது நிமிடம் பிந்தியது. நனைந்ததில் சளி. கவலைப்படாதே.

அண்ணை


கொக்குவில்
12 ஆகஸ்ட் 2024

அண்ணைக்கு,

சளிக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள்.

மழையும் பஸ்ஸும் எனக்கு வேண்டாம். அந்த இரண்டு எழுத்து என்ன?

நல்லம்மா


மொன்றியல்
4 செப்டம்பர் 2024

அன்புள்ள தங்கச்சி,

சளி போய்விட்டது. உன் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

எழுத்துகள் எஸ், எம். சின்னத்துரை மகேந்திரராசா.

1995 பெப்ரவரியில் அந்தக் கடிதம் என் மேசைக்கு வந்தது. அப்போது என் வேலை ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுவது. பிழை விட்டேன் என்று மேலதிகாரியிடம் போய் நிற்கப் பயந்தேன். விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஆளே எழுதிய கடிதம் போதாது, அச்சில் வந்த சான்று வேண்டும் என்று அதற்கு நான் பொருள் கொண்டேன். வேறு விதமாகவும் பொருள் கொள்ளலாம் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். உயிரோடு இருக்கிறார் என்று அச்சில் யார் போடுவார்கள்? நான் பதில் எழுதி, கடிதத்தைக் கோப்பில் வைத்து, கோப்பைக் கீழ்த்தட்டில் வைத்தேன். இருபத்தொன்பது வருடம் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. பழைய பத்திரிகையில்தான் பிழை தெரிந்தது என்று உனக்கு எழுதியதும் முழு உண்மையில்லை. நூல் எழுத இறங்கியதும் இதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஒழுங்காக ஒரு வாழ்க்கை எழுதிவிட்டால் போதும் என்று நினைத்தேனோ என்னவோ.

இன்னொன்றையும் மறைக்கவில்லை. ஐந்தாம் பகுதியை முடித்து உனக்கு அனுப்பினால், நீ அதைக் கோத்தால், அந்தப் பதில் கடிதமும் அவர் நினைவிலிருந்து போய்விடும், அதோடு நானும் போய்விடுவேன் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். உறையில் முகவரிகூட எழுதினேன். அதைக் கிழித்துவிட்டேன்.

நேற்று நூலகத்துக்குப் போனேன். முன் மேசையில் இருந்த பெண்ணுக்கு என் பேத்தி வயது. சொன்னதும் திரையில் பெயரை எடுத்து, கோட்டுக்குப் பின்னால் இருந்த எண்ணை அழித்தாள். “வேறு ஏதாவது, மிஸ்யூ?” என்று பிரெஞ்சில் கேட்டாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கோப்பையும் கேட்டேன். களஞ்சியத்திலிருந்து எடுத்து வந்தார்கள்.

அங்கிருந்து நேரே இல்லத்துக்குப் போனேன். வினோஜா கதவடியில் நின்றாள். “என்ன மாமா, முகம் வெளுத்திருக்கு?” என்றாள். கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னேன், அந்த இரண்டு எழுத்தும் நான்தான் என்று. உட்காரத் துணிவு வரவில்லை.

வெகுநேரம் என் கைகளைப் பார்த்தார். “நேர்த்தியான கையெழுத்து” என்றார். பிறகு, “கடிதத்தோடு சான்று வைத்திருந்தேனே, வாசித்தீர்களா?” என்று கேட்டார்.

“இல்லை” என்றேன். வாசிக்கவில்லை, நல்லம்மா. பின்னால் ஒரு தாள் இணைத்திருந்தது தெரியும். கடவுச்சீட்டுப் பிரதியோ பிறப்புப் பதிவோ இல்லை என்று பார்த்ததும் மடித்துவிட்டேன். உயிரோடு இருப்பதற்கு அவரிடம் இருந்த ஒரே சான்று அதுதான் என்று எனக்குப் படவில்லை.

கோப்பைத் திறந்து, அந்தத் தாளில் இருந்த கவிதையை அங்கேயே வாசித்தேன். ஏழாவது வரியின் மேல் நூலகத்தின் ‘பெறப்பட்டது’ முத்திரை. நான் குத்தியது. அந்த வரியில் நான் தடுமாறியபோது, கண்ணை மூடிக்கொண்டிருந்த அவர் அந்தச் சொற்களை எடுத்துக் கொடுத்தார். பிறகு மிச்சத்தை என்னோடு சேர்ந்து சொன்னார். 

கோத்த மூன்று பகுதிகளையும் அழித்துவிடு. அழித்தால் அவை அவரிடம் திரும்பி வருமா என்று எனக்குத் தெரியாது. நாலாவதை நான் அனுப்பப்போவதில்லை. நீ கேட்ட நாளையும் தேடுவதை விட்டுவிட்டேன்.

உன்னிடம் இருக்கும் முதல் கடிதத்தை எடு. ஐந்தாவதாக, 1981க்குப் பிறகு அவர் ஒரு வரியும் எழுதவில்லை என்று குறித்திருந்தேன். அது பிழை. பதினான்கு வரி எழுதினார். எனக்குத்தான் எழுதினார்.

உன் அண்ணை,
மகேந்திரராசா